23,275 ஓட்டுகளை விழுங்கிய பட்டம்

1961 மே 4. இங்கிலாந்தின் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் இடைத்தேர்தல். தொழிற்கட்சியின் டோனி பென்னுக்கு 23,275 ஓட்டுகள். எதிர்த்து நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு 10,231. ஆனால் அந்தத் தொகுதியின் உறுப்பினராக மக்கள் சபையில் போய் அமர்ந்தவர் செயின்ட் கிளேர்தான். கள்ள ஓட்டு இல்லை, எண்ணிக்கையில் தவறும் இல்லை. வென்றவரின் அப்பா இறந்துபோயிருந்தார். அவ்வளவுதான் காரணம்.

இந்தக் கதையை முதன்முதலில் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. பரம்பரைப் பட்டம் என்றால் ஏதோ மாளிகையும் வேட்டை நாயும் வைத்திருக்கும் குடும்பங்களின் அலங்காரம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

டோனியின் அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென். 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசின் இந்திய விவகார அமைச்சர். 1930-இல் வேதாரண்யத்தில் ராஜாஜி உப்பு அள்ளிய நாட்களில் லண்டனில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். 1942-இல், போர்க்காலக் கூட்டணி ஆட்சியின்போது, நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் தொழிற்கட்சிக்கு ஆள் போதவில்லை என்று அவரை ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட் ஆக்கினார்கள். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்று இறங்கும் படிக்கட்டில் நான்காவது படி அது. அன்று ஆயுட்காலத்துக்கு மட்டும் தரும் பட்டம் நடைமுறையில் இல்லை. சபைக்குள் போக வேண்டுமானால் பரம்பரைப் பட்டம்தான் வாங்க வேண்டும். மூத்த மகன் மைக்கேல் பாதிரியாராகப் போகும் எண்ணத்தில் இருந்தார், அவருக்கு மறுப்பில்லை. இளையவர் டோனியை யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. 1944-இல் விமானப்படையில் இருந்த மைக்கேல் போரில் உயிரிழந்தார். அண்ணனை இழந்த தம்பியின் தலையில் அவர் கேட்காத பட்டமும் வந்து உட்கார்ந்தது.

டோனி 1950-இல் பிரிஸ்டலில் வென்று மக்கள் சபைக்குப் போனார். அப்பாவுக்குப் பிறகு என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். 1955-இலேயே பட்டத்தைத் துறக்கத் தனி மசோதா கொண்டுவர முயன்றார். அப்பாவும் மகனுக்குத் துணை நின்றார். பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. 1960 நவம்பர் 17 அன்று அப்பா காலமானார். அந்தக் கணமே டோனி இரண்டாம் ஸ்டான்ஸ்கேட் வைகவுண்ட். பத்தாண்டுக் காலம் உட்கார்ந்த சபையின் கதவு அவருக்கு மூடப்பட்டது. பிரபு ஒருவர் மக்கள் சபையில் இருக்கக் கூடாது. பிரபு ஆகமாட்டேன் என்று சொல்லவும் வழி இல்லை. பட்டம் இரத்தத்தோடு ஒட்டிய சொத்து, அதை விற்கவோ விடவோ முடியாது என்பதுதான் நூற்றாண்டுகளாக வந்த சட்ட மரபு.

தொகுதி காலியானதாக அறிவித்தார்கள். அவர் மறுபடியும் நின்றார். மக்கள் முன்பைவிடப் பெரிய வித்தியாசத்தில் வெற்றியை அள்ளிக் கொடுத்தார்கள். இந்தியாவுக்கு டொமினியன் தகுதி, அதாவது பேரரசுக்குள் தன்னாட்சி, என்ற பேச்சையே அப்பாவின் காலத்தில் கடுமையாக எதிர்த்த சர்ச்சில்கூட மகனுக்கு ஆதரவாகக் கடிதம் எழுதியிருந்தார். பிறகு தேர்தல் நீதிமன்றம். பென் தன் வழக்கைத் தானே வாதாடினார். ஜூலை மாதம் தீர்ப்பு வந்தது: இவர் தகுதி இழந்தவர் என்று தெரிந்தே மக்கள் ஓட்டுப் போட்டார்கள், ஆகவே அவை வீணாக எறியப்பட்ட ஓட்டுகள்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெரியாமல் போட்டிருந்தால்கூட ஏதோ ஏமாந்துவிட்டார்கள் எனலாம். தெரிந்து போட்டார்களே! இவர்தான் எங்களுக்கு வேண்டும், உங்கள் சட்டத்தை மாற்றுங்கள் என்று 23,275 பேர் சொன்னார்கள். வாக்குச்சாவடி வரிசையில் ஒரு முறையாவது வெயிலில் நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எப்படி வலிக்கும் என்பது புரியும். இதில் இன்னொன்று: இடம் கிடைத்த செயின்ட் கிளேரும் ஒரு பிரபுப் பட்டத்துக்கு அடுத்த வாரிசாக இருந்தவர்தான்.

சட்டம் மாறியது. 1963 ஜூலை 31 மாலை பட்டச் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. அன்று மாலையே பென் பட்டத்தைத் துறந்தார், அப்படித் துறந்த முதல் மனிதர் அவர். செயின்ட் கிளேர் பதவி விலகி வழிவிட்டார். அதை நான் மரியாதையோடு குறிப்பிட வேண்டும். ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் பென் சபைக்குத் திரும்பினார். அந்தச் சட்டத்தால் முதலில் பெரும் பயன் அடைந்தது கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் என்பது வேறு கதை: அதே ஆண்டு அக்டோபரில் ஏர்ல் பட்டத்தைத் துறந்துதான் அலெக் டக்ளஸ்-ஹோம் மக்கள் சபைக்கு வந்து பிரதமராகத் தொடர்ந்தார்.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுகிறார்கள். நான் முடிக்க மாட்டேன். அந்தச் சட்டம் பட்டத்தைத் துறக்கவிட்டதே தவிர, அழிக்கவிடவில்லை. துறப்பு அந்த ஒரு மனிதரின் ஆயுளுக்கு மட்டும். பென் 2014 மார்ச் 14 அன்று மறைந்தார். அரை நூற்றாண்டு தூங்கிய பட்டம் அன்றே விழித்து மூத்த மகன் ஸ்டீபனிடம் போய்ச் சேர்ந்தது. அவர் துறக்கவில்லை. 1999-இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியேற்றி 92 இடங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதில் காலியான ஓர் இடத்துக்கு 2021-இல் ஸ்டீபன் போட்டியின்றித் தேர்வாகிப் பிரபுக்கள் சபைக்குள் போனார். தந்தை வெளியே வரப் போராடிய கதவு வழியாக மகன் உள்ளே போனார். அவர் மீது எனக்குத் தனிப்பட்ட குறை இல்லை. சட்டம் தந்த உரிமையை எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்நாளின் மூன்று ஆண்டுகளைக் கொடுத்து எதிர்த்த ஒன்றை, அவர் குடும்பத்திலேயே முற்றாக முடித்துவைக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்திருக்க வேண்டாமா? தனக்கு வேண்டாம் என்பதோடு, தன் வழியில் இது இனி வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்டீபனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் மகள், தொழிற்கட்சி வேட்பாளராகத் தேர்தல் களம் கண்டவர். 1942-இல் தந்த அந்தப் பட்டம் ஆண் வழிக்கு மட்டும் உரியது. அடுத்த வாரிசு தம்பிதான்.