மரநாய்க்கு விலாசம் கேட்பவர்களுக்கு

அந்த வீடியோவை நான் இங்கே போடப் போவதில்லை. மூன்று நாளாக எல்லோரும் மாறி மாறிப் பகிர்ந்து, பார்க்காதவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. சீலிங் தகட்டைக் கழற்றி, பிவிசி பைப்பால் குத்தி, கீழே விழுந்த மரநாயை நாலு பேர் சுற்றி நின்று அடித்தது, பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தது, மேலே குட்டிகள் கத்தியது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அடித்தவர்களைப் பற்றி வேறு பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு விசர் ஏற்றியது அதற்குக் கீழே வந்த ஒரு கருத்து. "காட்டுக்குள்ள கிடக்கிறது ஊருக்குள்ள வந்தா இப்பிடித்தான்." அதற்கு விழுந்த விருப்பக்குறிகளில் என் சொந்தக்காரர் ஏழு பேர். எண்ணிப் பார்த்தேன்.

எந்தக் காடு ஐயா?

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று எனக்கும் ஒருக்கால் காட்டுங்கள். குடாநாட்டில் எங்களுக்கு இருந்தது பனங்கூடல், வடலி, கடல்நீரேரிக் கரையில் கொஞ்சம் கண்டல், ஆட்கள் இல்லாமல் பற்றை பிடித்த வளவுகள். மரநாய் இருந்ததும் அங்கேதான். அதாவது ஊருக்குள்ளேதான். பகலில் பனை உச்சியில் வட்டுக்குள், காவோலைக்கு நடுவே சுருண்டு படுத்திருக்கும். இருட்டினால் இறங்கி வந்து பனம்பழம், நாவல்பழம், எலி, அகப்பட்டால் கள்ளு முட்டி. சீவல்காரர் காலையில் முட்டியை இறக்கிப் பார்த்துவிட்டு ஏசுகிற ஏச்சைக் கேட்டு வளர்ந்த ஆள் நான். இரவில் முற்றத்தில் திடீரென்று ரம்பை வாசம் அடிக்கும். "மரநாய் போகுது" என்பார் அம்மம்மா. அவ்வளவுதான். யாரும் எழும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

இருபாலையில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு பெரிய பனங்கூடல் இருந்தது. பனை தறிக்க அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இன்றைக்கும் இருக்கிறது, கூடல்தான் இல்லை. இரண்டிரண்டு பரப்பாக வெட்டி, சிவப்புக் கொடி நட்டு, "நகருக்கு அண்மையில் அமைதியான சூழல்" என்று பலகை போட்டு விற்றார்கள். அந்த அமைதியான சூழலில் ஏற்கெனவே குடியிருந்தவரைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. சரி, அது எங்கே போகும்? வட்டு போனது, சீலிங் வந்தது. இருட்டு, சூடு, மழை படாது, ஆள் ஏறாது. அதன் கணக்கில் அதுவும் ஒரு பனை வட்டுத்தான். பனம்பழம் போனால் பப்பாசி. கூடலுக்குள் மரத்துக்கு மரம் தாவியது, இப்போது கேபிள் வயரில் வீட்டுக்கு வீடு போகிறது. எங்கள் பின் மதிலின் ஒரே மூலையில் தினமும் எச்சம் போட்டு வைக்கும், முழுக்கப் பப்பாசி விதை. எங்களோடு ஒத்துப்போகத் தன்னால் முடிந்த அத்தனையும் செய்துவிட்டது அந்தப் பிராணி. ஒத்துப்போனதற்குத்தான் அடி விழுந்தது.

ஊருக்குள் அது வரவில்லை. திரும்பவும் சொல்கிறேன், வரவில்லை. நாங்கள்தான் அதன் வீட்டை இடித்து எங்கள் வீட்டைக் கட்டிவிட்டு அதனிடம் விலாசம் கேட்கிறோம்.

விலாசம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர வலிகாமச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, நாங்களும் எல்லோரையும் போலத்தான் வெளிக்கிட்டோம். ஆறு மாதத்துக்கு மேல் தென்மராட்சியில், மட்டுவிலில், தெரியாத ஒருவர் வீட்டு விறாந்தையில். 1996 மே மாதம் திரும்பி வந்து கதவைத் தள்ளினால், சுவாமி அறைக்குப் பக்கத்து அறையில் பழைய நெற்பெட்டிக்குள் ஒரு மரநாயும் மூன்று குட்டிகளும். அது ஓடவில்லை. பல்லைக் காட்டிச் சீறிக்கொண்டு அங்கேயே நின்றது. அப்பா உலக்கையைத் தூக்கிவிட்டார். அம்மம்மா குறுக்கே வந்து நின்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "விடுங்கோ தம்பி. வெறும் வீடெண்டு நினைச்சுப் பூந்திட்டுது. நாங்களும் ஆற்றையோ விறாந்தையிலைதானே இவ்வளவு நாளும் கிடந்தனாங்கள்." அப்பா உலக்கையை வைத்தார். ஒரு மாதத்துக்கு மேல் அந்த அறைக்குள் ஒருவரும் போகவில்லை. பிறகு ஓர் இரவு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு தானாகவே போய்விட்டது. பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தோம். நாற்றம் போகவே இல்லை, அது வேறு கதை.

இதை எழுதினால் என்ன வரும் என்று தெரியும். "எங்கடை இடப்பெயர்வையும் மரநாயையும் ஒண்டாக்கிறியோ?" ஒன்றாக்கவில்லை. அம்மம்மாவும் ஒன்றாக்கவில்லை. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய சனத்துக்குக் காணி இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாக விடுபட்டபோது, வீட்டுக்குள்ளேயே மரம் வளர்ந்து கூரையைத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் பற்றைகளை வெட்டித்தான் ஆகவேண்டும், அது அவர்களுடைய மண். வெட்டாதே என்று நான் சொன்னேனா? இருபது வருடத்துக்கு மேல் அங்கே கிடந்த சீவன்களுக்கு அடுத்த நாள் போக இடமில்லை என்று மட்டும் சொல்கிறேன். இது கூடவா குற்றம்?

கோழி தின்னும் என்கிறீர்கள். தின்னும்தான். எங்கள் வீட்டிலேயே மூன்று கோழி போய், அம்மா ஒரு கிழமை மண்ணை அள்ளித் திட்டினார். இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு கூட்டுக்கு வலை அடித்தோம், நாலாவது போகவில்லை. விசர்நோய் வரும் என்கிறீர்கள். கடித்தால் ஊசி போடத்தான் வேண்டும், அதில் விளையாட்டு இல்லை. ஆனால் குப்பையைச் சந்தியில் கொட்டி நாய்க்கூட்டம் வளர்க்கிற எங்கள் வாயால் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

தென்மராட்சிக் குரங்கைப் பற்றிக் கேட்டு இன்பொக்சில் ஒரு தம்பி. தென்னை வைத்திருக்கிறவனின் வயிற்றெரிச்சல் எனக்கு விளங்கும். குரும்பட்டியையே பிடுங்கி எறிந்தால் அவன் என்ன செய்வான்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரசாங்கத்திடம் இருந்ததா? 2023இல் ஒரு லட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்புவதாகப் பேச்சு அடிபட்டது. அப்புறம் 2025 மார்ச் 15 காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே ஐந்து நிமிடம், எல்லோரும் வளவுக்குள் நின்று குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்னார்கள். நானும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். ஒரு மயில் மதிலில் இருந்தது. 8.06க்கு இன்னும் இரண்டு வந்தன, அவை நாட்டின் கணக்கில் இல்லை. மரநாய் அந்த நேரம் சீலிங்கில் நல்ல நித்திரை.

இன்னொருவர், என்னோடு படித்தவர், இப்போது கனடாவில் இருக்கிறார். "ஊரிலை சனம் சாப்பாட்டுக்குக் கஷ்டப்படேக்கை உனக்கு மரநாயோ?" என்று எழுதியிருந்தார். பிறகு தானே அழித்துவிட்டார், ஆனால் நான் பார்த்துவிட்டேன். அவருடைய வீடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி. மேல்மாடி, ஏழடி மதில், மேலே கண்ணாடித் துண்டு, நாலு கமரா. வருடத்தில் பதினைந்து நாள் திறக்கும். மிச்ச முந்நூற்றைம்பது நாளும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? கமராவைப் பார்த்தால் அவருக்கே தெரிந்திருக்கும்.

அந்த மதில் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. முன்பு அங்கே கிடுகுவேலி. பூவரசும் கிளுவையும் கதியால், கீழே ஒரு பொட்டு, அதாவது நுழைந்து போக ஓர் ஓட்டை. அந்தப் பொட்டுக்குள்ளால் கீரி போகும், உடும்பு போகும், எங்கள் கோழி போகும், நான் போவேன். அவருடைய அம்மா ஆடிக்கூழ்ச் சட்டியை அந்தப் பொட்டுக்குள்ளால்தான் நீட்டுவார், மூடியில் பிலாவிலை செருகியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போதுகூடப் பொட்டை விட்டுத்தான் அடைப்பார்கள். மதில் கட்டிய வருடம் அந்த அம்மா இருந்தார். சட்டியோடு ஒழுங்கையைச் சுற்றிக் கேற்றடிக்கு ஒருநாள் வந்தார், அடுத்த வருடம் முழங்கால் நோ என்று வரவில்லை.

"நீ மட்டும் வேலியா வைத்திருக்கிறாய்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். இல்லை. கிடுகு பின்ன ஆள் இல்லை, இருந்தாலும் வருடா வருடம் கட்டுப்படியாகாது. மூன்று பக்கம் மதில் கட்டிவிட்டேன். நாலாவது பக்கத்துக்கு நாளைக்கு மேசன் வருகிறார். அடியில் ஒரு சாண் அகலத்துக்கு இரண்டு ஓட்டை விடச் சொல்லிப் போனிலேயே சொல்லிவிட்டேன். "தண்ணி போகவோ அண்ணை?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு ஓம் என்றேன்.