பேப்பருக்கும் வாட்டம் இருக்குங்க
கும்பகோணத்துல அச்சாபீஸ் கட்டிங் மெஷின்ல இருபது வருஷம் நின்னவன் நான், துப்பாக்கிய போலீஸ்காரர் தோள்ல பாத்ததோட சரி. உங்க பதிவுல பழைய மாடல் டார்கெட் ரைஃபிள் ஈயக் குண்டுக்கு பேப்பர ரெண்டு சுத்து சுத்தணும், ஓரத்த சாய்வா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம முட்டணும்னு எழுதிருக்கீங்க, சரிதான், ஆனா நார் வாட்டத்த, அதாவது பேப்பர்ல நார் ஓடுற திசைய பத்தி ஒரு வரி இல்லையே சார். நனைச்சு சுத்துறப்ப பேப்பர் நார் ஓடுற பக்கம் அவ்வளவா நீளாது, குறுக்கதான் விரியும், காஞ்சா சுருங்கிப் பிடிக்கும், அதனால எல்லா துண்டும் ஒரே வாட்டத்துல வெட்டலன்னா ஒண்ணு டைட்டு ஒண்ணு லூசு. சின்ன சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரம் தடவுங்க, குழல் மாதிரி சுருளும், அந்தக் குழலோட நீளவாக்குதான் வாட்டம். அப்புறம் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட கிராம் எடை) நம்பி வாங்காம மைக்ரோமீட்டர்ல கனம் பாருங்க, பருத்தி பேப்பர்னா நனைஞ்சாலும் சட்டுனு கிழியாது.