கை நீட்டியவன் எந்த எல்லையில் இருந்தான்?

தொலையவில்லை ஐயா, தொலையவில்லை. காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த போனை, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் பிடுங்கிக்கொண்டு போனான். காது மடலில் நகம் கீறிய தடம் இன்னும் இருக்கிறது. தொலைந்துபோகிற பொருள் போகிறபோது காதைக் கீறிவிட்டா போகும்?

"தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள் அம்மா, உடனே சி.எஸ்.ஆர். போட்டுத் தருகிறோம். எஃப்.ஐ.ஆர். எல்லாம் எதற்கு? கோர்ட்டு, கேஸ் என்று நீங்கள்தான் அலைய வேண்டும்." காவல் நிலையத்தில் இப்படித்தான் சொல்வார்கள். சி.எஸ்.ஆர். என்றால் மனு வந்தது என்பதற்கு ஒரு ரசீது, எஃப்.ஐ.ஆர். என்றால்தான் வழக்கு. சென்னையில் போனைப் பறிகொடுத்தவர்களுக்கு இதற்கு மேல் முன்கதை வேண்டாம். இந்த வாசகத்தைக் கேட்காத குடும்பம் ஒன்று இந்த ஊரில் இருந்தால், அந்த வீட்டில் போனே இல்லை என்று அர்த்தம்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பஸ் நிறுத்தத்தில் ஒரு காலத்தில் நிழற்குடை இருந்தது. மெட்ரோ ரயில் வேலைக்காக அதைப் பிடுங்கிவிட்டுத் தகரத் தடுப்பு வைத்தார்கள். பஸ் இப்போது கொஞ்சம் தள்ளி, மருந்துக்கடை வாசலில் நிற்கிறது. பயணிகளும் அங்கேதான் நிற்கிறோம். நடைபாதை கிடையாது, பாதிச் சாலையும் கிடையாது. தடுப்புக்கும் கடைக்கும் நடுவே இருக்கிற சந்தில் பஸ், லாரி, பைக், நாம் எல்லோரும் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு போக வேண்டும். போன் பறிப்பவனுக்கு இதைவிட வசதியான இடத்தை யாராலும் திட்டமிட்டுக் கட்டித்தர முடியாது.

பறித்தான், போய்விட்டான். காவல்துறை 2022ஆம் ஆண்டில் 'காவல் உதவி' என்று ஒரு செயலி கொண்டுவந்ததே, ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டுமே, அதை ஒழுங்காகத் தரவிறக்கி வைத்திருந்தவள் நான். பொத்தான் பைக்கில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் குடியிருப்புக் கூட்டத்துக்கு வந்த ஓர் அதிகாரி, "எந்த நேரமும் கூப்பிடலாம்" என்று தன் எண்ணையும் கொடுத்திருந்தார். அதையும் போனில்தான் பதிந்து வைத்திருந்தேன். கடைசியில் பக்கத்தில் நின்ற பெண்ணின் போனை வாங்கி 100ஐ அழைத்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், உடனே எடுத்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். ரோந்து வண்டியும் வந்தது. அதில் வந்தவர் என் காதைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், "ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுங்கள் அம்மா" என்றார். எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். அவர் முகம் மாறியது அப்போதுதான்.

எங்கள் பகுதியில் இரண்டு காவல் நிலையங்களின் எல்லைகள் சந்திக்கின்றன. பெயர் வேண்டாம், கிழக்கு, மேற்கு என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. மயிலாப்பூர் என்றால் இ-1, மாம்பலம் என்றால் ஆர்-1. நிலையத்தின் வாசலில் எழுதியிருக்கிறார்கள். சாலையில் எந்த இடத்தில் எந்த எழுத்து முடிந்து எந்த எழுத்து தொடங்குகிறது என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. பறிகொடுப்பவர்தான் குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

மேற்கு நிலையத்தில் பாராவில் நின்றவர், புகார்களை எழுதிப் பதிகிற ரைட்டரின் அறையைக் காட்டினார். ரைட்டர், ஏட்டைக் காட்டினார். பெண்கள் உதவி மையம் என்று ஒரு மேசை இருந்தது, மேசைக்குப் பின்னால் நாற்காலி இருந்தது, அத்தோடு சரி. எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். எதற்குப் பந்தோபஸ்து என்று கேட்கக் கூடாது, இந்த ஊரில் எஸ்.ஐ. என்றால் பந்தோபஸ்தில்தான் இருப்பார்.

ஏட்டு நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். பிறகு விசாரணையைத் தொடங்கினார்.

"எங்கே நின்றீர்கள்?"

"பஸ் நிறுத்தத்தில்."

"பஸ் நிறுத்தம் எங்கள் எல்லைதான். பழைய நிறுத்தமா, புது நிறுத்தமா?"

"பஸ் எங்கே நிற்கிறதோ அங்கே."

"மருந்துக்கடை வாசலா?" பேனாவை மூடிவிட்டார். "அது கிழக்கு, அம்மா. டீக்கடை வரைக்கும்தான் நாங்கள். டீக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் சாக்கடை மூடி இருக்கிறது பாருங்கள், அதுதான் எல்லை."

ஆக, மெட்ரோக்காரர்கள் நிறுத்தத்தை நகர்த்தினார்கள், எல்லையை நகர்த்த மறந்துவிட்டார்கள். நான் மூடிக்கு அந்தப் பக்கம் நின்று பறிகொடுத்த பாவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கிழக்கு நிலையம் போனேன். அங்கே இருந்த ஏட்டு ஒரு தாளை எடுத்துப் படமே வரைந்தார். சாலை, தடுப்பு, டீக்கடை, மூடி, மருந்துக்கடை. நடுவில் ஒரு புள்ளி. அது நான்.

"வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது?"

"டீக்கடைப் பக்கமிருந்து."

"அப்படியானால் பின்னால் இருந்தவன் கையை நீட்டியபோது வண்டி எங்கே இருந்தது? மூடியைத் தாண்டிவிட்டதா?"

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. அந்தத் திருடன் கையை நீட்டிய கணத்தில் அவனுடைய முழங்கை மேற்கிலும் விரல்கள் கிழக்கிலும் இருந்திருந்தால் என்ன செய்வது? முழங்கைக்குத் தனி வழக்கு, விரலுக்குத் தனி வழக்கா? கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் அதை நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "அப்படியென்றால் இரண்டு ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும்" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு நேர் மேலே, சுவரில், புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி ஓர் அழகான வண்ணச் சுவரொட்டி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 173ஆவது பிரிவு. குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் சுவரொட்டியைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார். "அதெல்லாம் பெரிய கேஸுக்கு அம்மா" என்றார்.

பெரிய கேஸ், சின்ன கேஸ் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? கைது செய்ய வாரன்ட் தேவைப்படாத குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார்கள். பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே புதிய சட்டத்தில் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், பாரதிய நியாய சன்ஹிதா 304, மூன்று ஆண்டு வரை சிறை. இதையும் சொன்னேன். "மேடம் வக்கீலா?" என்றார். இல்லை என்றதும் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி இருக்கிறதே!

அடுத்து விலைக்கு வந்தார். "பழைய போன்தானே, ஐயாயிரம் பெறுமா?" அக்கறையாகக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணத் திருட்டாக எழுதி, பொருளும் ஐயாயிரத்துக்குக் குறைவாகப் போய்விட்டால், புதிய சட்டத்தில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அதைப் புலனாய்வு செய்ய வேண்டிய பொறுப்பே அவர்களுக்குக் கிடையாது. பறித்தவன் போனை மட்டும்தான் எடுத்தான். அதன் விலையை இங்கே வந்து அல்லவா எடுக்கிறார்கள்!

பில் இருக்கிறதா, டப்பா இருக்கிறதா, ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறதா என்ற வழக்கமான அர்ச்சனையை விட்டுவிடுகிறேன். புகாரை எழுதிவரச் சொல்லி எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். அந்தக் கடைக்காரர்தான் நிலையத்தின் உண்மையான ரைட்டர். "தொலைந்ததா, பறித்ததா அக்கா?" என்றார். "தொலைந்தது என்றால் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, பெயரும் நம்பரும் மாற்றினால் போதும். பறித்தது என்றால் நீங்களே கையால் எழுத வேண்டும், அது அவ்வளவாக ஓடுவதில்லை." நகரத்தில் குற்றம் குறைந்துவிட்டது என்று எப்போதாவது செய்தி வந்தால் நான் அந்தக் கடைக்காரரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கையால் எழுதினேன். பெறுநர், உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள். கொண்டுபோய்க் கொடுத்தால், "இது சட்டம்-ஒழுங்கு இல்லை, க்ரைம் பார்க்க வேண்டியது. க்ரைம் இன்ஸ்பெக்டர் என்று மாற்றி எழுதுங்கள்" என்றார்கள். மாற்றினேன். க்ரைம் இன்ஸ்பெக்டர் எங்கே? பந்தோபஸ்து. கீழே போன் நம்பர் எழுதச் சொன்னார்கள், கண்டுபிடித்தால் கூப்பிடுவார்களாம். எந்த நம்பர் என்று கேட்டேன். "உங்கள் நம்பர்தான் அம்மா" என்றார். திருடன் எடுத்துப் பேசினால் அவனிடமே விவரத்தைச் சொல்லிவிடுங்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்து தொலைத்தது.

பக்கத்துக் கடையின் கேமராவில் பார்க்கலாமே என்றேன். 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்து நகரமெங்கும் கேமராவாக மாட்டினார்களே! இருக்கிறது, ஆனால் மெட்ரோ தடுப்பு மறைக்கிறதாம். வண்டி நம்பர் விழாதாம். இதே சாலையில் என் தம்பி என் ஸ்கூட்டரைத் தலைக்கவசம் இல்லாமல் ஓட்டிப் போனபோது அபராதச் சீட்டு வந்ததே, ஆயிரம் ரூபாய், 2022 அக்டோபரில் உயர்த்திய கட்டணப்படி, அதில் நம்பர் பலகை திருமணப் புகைப்படம்போல் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது. அந்தக் கேமராவுக்குத் தடுப்பும் மறைக்கவில்லை, சாக்கடை மூடியும் குறுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழு காத்திருக்கிறது. மகளின் போனில் பார்த்தேன். இரண்டாம் மாடிப் பெரியவர், "சாலையில் போன் பேசக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது?" என்று தொடங்கியிருந்தார். ஒருவர், "வடநாட்டுப் பையன்களாகத்தான் இருக்கும்" என்றார். பறித்தவன் வாயையே திறக்கவில்லை, எந்த ஊர்க்காரன் என்று இவருக்கு யார் சொன்னது? இன்னொருவரின் மைத்துனருக்கு ஒரு டி.எஸ்.பி.யைத் தெரியுமாம், விருதுநகரில் இருக்கிறாராம். செயலாளர் விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம் என்றார். விழிப்புணர்வு எனக்கா, திருடனுக்கா, ஏட்டுக்கா என்று எழுதி அழித்துவிட்டேன். இரவு பத்து மணிக்குள் பேச்சு தெருநாய்க்குப் போய்விட்டது.

கிழக்கு நிலைய ஏட்டுமீது எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் பகலெல்லாம் எங்கோ வெயிலில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். காவலர்களுக்கு வார விடுமுறை என்று 2021ஆம் ஆண்டில் அரசாணை வந்ததே, கிடைக்கிறதா என்று கேட்டேன். நான் சுவரொட்டியைக் காட்டியபோது பார்த்த அதே பார்வையைப் பார்த்தார். வழக்கைப் பதிந்தால் அது கணக்கில் ஏறும், கண்டுபிடிக்கவில்லை என்றால் மேலிடம் கேட்கும். ரசீதோடு முடித்தால் யாரும் கேட்கப் போவதில்லை. எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? போனை முடக்க மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்துக்குப் போனால் புகார் நகல் கேட்கிறது. அந்த நகலுக்காகத்தான் எல்லோரும் கடைசியில் 'தொலைந்தது' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம்.

நான் போடவில்லை. நிலையத்தில் பதிய மறுத்தால் புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம் என்று அதே 173ஆவது பிரிவு சொல்கிறது. மாநகரத்தில் துணை ஆணையர். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் இல்லாவிட்டால் என்ன, படிக்கத் தெரியும். மறுநாள் தபால் நிலையத்துக்குப் போய்ப் பதிவுத் தபால் என்றேன். "அது இப்போது கிடையாது மேடம், ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்" என்றார் கவுண்ட்டரில் இருந்தவர். 2025ஆம் ஆண்டிலேயே சேர்த்துவிட்டார்களாம். சேர்க்கட்டும். ஒரு கவரை ஒட்டுவதற்குக் கோந்து எங்கே என்று கேட்டேன். மூலையில் காட்டினார். டப்பா இருக்கிறது, டப்பாவுக்குள் குச்சி இருக்கிறது, கோந்து இல்லை. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள், ரீஃபில் இல்லை. ரீஃபில் இல்லாத பேனாவை யார் திருடப் போகிறார்கள் என்று அதைக் கட்டி வைத்திருக்கிறீர்கள்?