காலேஜ்ல பேச விடுங்க, எதிர்த்துப் பேசவும் விடுங்க

வருஷா வருஷம் ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். பசங்கள கிரவுண்ட்ல நிக்க வச்சு கைய நீட்டச் சொல்லி உறுதிமொழி, அப்பறம் ஒரு கோலப்போட்டி, ஒரு பேரணி, போட்டோவ மேல அனுப்பியாச்சுன்னா வேலை முடிஞ்சுது. அதே பசங்க ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லன்னு நாலு பேர் சேர்ந்து எழுதிக் குடுத்தா, நாளைக்கு அப்பா அம்மாவ கூட்டிட்டு வான்னு சொல்ற காலேஜ் எத்தனை! நான் கலைக்கல்லூரியில பாடம் நடத்துறவன், இதெல்லாம் பக்கத்துல இருந்து பாக்குறேன், அதான் எழுதுறேன்.

ஓட்டு வயச 1989லயே 21ல இருந்து 18க்கு குறைச்சாச்சு. எம்பி யாருன்னு முடிவு பண்ற வயசுப் பசங்களுக்கு கிளாஸ் ரெப் யாருன்னு முடிவு பண்ற உரிமை நிறைய காலேஜ்ல கிடையாது, அத ஹெச்ஓடி பாத்துப்பார், பெரும்பாலும் நல்ல மார்க் வாங்குற, வாயே திறக்காத ஒரு பிள்ளையா இருக்கும். தேர்தல் வச்சா அடிதடி வரும்னு சொல்றாங்க. அந்த பயம் பொய்யில்ல, ஆனா அதுக்குத்தான மாணவர் தேர்தல எப்படி நடத்தணும்னு சொல்ல அமைச்ச லிங்டோ கமிட்டி 2006ல அவ்ளோ விதி போட்டுச்சு, செலவு 5000 ரூபாய்க்கு மேல போகக்கூடாது, அச்சடிச்ச போஸ்டர் கூடாது கையால எழுதினதுதான் ஒட்டணும், அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருக்கணும், சுப்ரீம் கோர்ட்டும் இத நடைமுறைப்படுத்தச் சொல்லிருச்சு. டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகத்துல மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நிக்கிறவங்க எல்லாரும் தேர்தலுக்கு முன்னாடி ஒரே மேடையில ஏறி பேசணும், ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கணும், ராத்திரி ரொம்ப நேரம் போகும். அங்கயும் கைகலப்பு நடந்திருக்கு, இல்லங்கல. ஆனா எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் மேடையிலயே உக்காந்து கேக்குற பழக்கம் வேற எங்க கிடைக்கும்?

மரியாதையா பேசுறதுன்னா வாய மூடிட்டு இருக்கறதுன்னு நம்ம காலேஜ்கள்ல ஒரு நெனப்பு இருக்கு. 2015ல சென்னை ஐஐடில பேர் போடாத ஒரு புகார அடிப்படையா வச்சு அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம்ங்கற மாணவர் அமைப்போட அங்கீகாரத்த ரத்து பண்ணாங்க, நாடு பூரா எதிர்ப்பு கிளம்பினப்பறம்தான் திருப்பிக் குடுத்தாங்க. அவ்ளோ பெரிய இடத்துலயே அப்படின்னா மத்த எடத்துல பையன் எப்படி வாய் திறப்பான்?

பேச்சுன்னா நமக்கு பட்டிமன்றம் ஒண்ணுதான். எனக்கும் பிடிக்கும், ஆனா அங்க யாரும் எதிரணி சொல்றத கேட்டு மனசு மாற வேண்டியதில்ல, கைதட்டு வாங்கினா போதும். அதனால என் கிளாஸ்ல ஒரே ஒரு விதி வச்சிருக்கேன். முன்னாடி பேசினவங்க சொன்னத, அவங்க சரின்னு ஒத்துக்குற மாதிரி நீ திருப்பிச் சொல்லு, அப்பறம் உன் பதில்.

பொம்பளைங்களுக்கு டவுன் பஸ் இலவசம் பத்தி பேச்சு வந்துச்சு. ஓசி பஸ்சுன்னு ஆரம்பிச்ச ஒரு பையன்கிட்ட, அவனுக்கு முன்னாடி பேசின பொண்ணு சொன்னத திருப்பிச் சொல்லச் சொன்னேன். "அவங்கம்மாவுக்கு காசு மிச்சமாகுதாம் சார்"ன்னான். "நான் அத சொல்லல, அப்பாகிட்ட காசு கேக்காம எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போக முடியுதுன்னு சொன்னேன்"ன்னா. கொஞ்ச நேரம் நின்னான், சரியா திருப்பிச் சொன்னான், அப்பறம் "எங்கப்பாவும் கூலிக்குத்தான் போறாரு, அவருக்கும் குடுக்கணும்ல சார்"ன்னான். ரெண்டு பேரும் கருத்த மாத்திக்கல. ஆனா ஓசிங்கற வார்த்தை அதுக்கப்பறம் அந்த கிளாஸ்ல வரல, பேச்சு நிஜமான இடத்துக்குப் போச்சு, அந்த ஒரு மணி நேரத்துல யாரும் போன எடுக்கல.

இன்னொண்ணு, இது என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) ஆபீசர்களுக்கு. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ரெண்டு நாளும் கொடியேத்த வரணும்னு பசங்கள காலேஜுக்கு இழுக்குறோம், அதே நாள்தான் அவங்க ஊர்ல கிராம சபை. 18 முடிஞ்சு அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தா அவன் கிராம சபை உறுப்பினர், வரவு செலவு கேக்கலாம், தெருவிளக்கு பத்தி கேக்கலாம், தீர்மானம் கொண்டு வரலாம். என்எஸ்எஸ்ல வருஷத்துக்கு 120 மணி நேரம் கணக்கு காட்டணும்ல, அதுல கிராம சபையில உக்காந்த நேரத்தையும் சேருங்க. என்ன கேட்டான், என்ன பதில் வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வரட்டும், அத அடுத்த வாரம் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் பேசட்டும். இதுக்கு புதுசா நிதியும் வேணாம், ஒரு சர்க்குலர் போதும். அக்டோபர் 2 கிராம சபைக்கே ஆரம்பிக்கலாம், எந்த காலேஜ்லயாவது ஏற்கனவே இப்படி செய்றீங்கன்னா எப்படின்னு சொல்லுங்க, எங்க பிரின்சிபால்கிட்ட எடுத்துட்டுப் போறேன்.