கார்ல தூண்டில் ராடு வச்சிட்டுப் போற கூட்டாளிகளுக்கு

நேத்து ராத்திரி நம்ம தூண்டில் வாட்ஸாப் குரூப்புல ஒரு தம்பி போட்டோ போட்டிருந்தான், சேரன்மகாதேவி பக்கம் ஆத்துக்குப் போயிருக்கான், காரை ரோட்டோரம் மரத்தடியில நிறுத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாத்தா பின் சீட்டுல கெடந்த ரெண்டு ராடு, நரம்பு சுத்துற ரீலு, லூர்ங்கற பொய் இரை டப்பா எல்லாத்தையும் களவாண்டுட்டுப் போயிட்டானுவ. கீழ வரிசையா மெசேஜ். பாதி அழுவுற ஸ்மைலி, பாதி "ஊரே கெட்டுப்போச்சு". நடுவுல ஒருத்தரு, படிச்ச மனுசன்தான், "அந்தப் பக்கத்து ஆளுவ அப்படித்தான் ப்ரோ"ன்னு எழுதுதாரு. எனக்கு அதுலதான் கோவம் வந்துட்டு. குரூப்புல சண்டை போட வேண்டாம்னு இங்கன வந்து எழுதுதேன். நீளமாத்தான் இருக்கும், பொறுமை உள்ளவங்க படிங்க.

எனக்கும் போயிருக்கு. ரெண்டு வருசம் முந்தி, மாசி மாசம். உவரிக்கும் இடிந்தகரைக்கும் நடுவுல ஒரு கடக்கரை, பேரு வேண்டாம், சொன்னா நாளைக்கே அந்த ஊரைப் பத்தியும் எவனாவது "அப்படித்தான்"ம்பான். நானும் எங்க மச்சானும் பாளையங்கோட்டைல இருந்து காலைல மூணரைக்கே கெளம்பி திசையன்விளை தாண்டி ஒரு கடைல டீ குடிச்சோம். புது ரீலு வாங்கி நாலு நாள்தான் ஆயிருந்துது, மச்சான் பாக்கலை. டீ கிளாஸை ஒரு கைல வச்சிக்கிட்டே டிக்கியைத் தூக்கி பையைப் பிரிச்சி ரீலை எடுத்து சுத்திக் காமிச்சேன், "சத்தமே வரலை பாத்தியா"ன்னு. கடை முன்னால ஆறேழு பேரு நிக்காவ. ஒருத்தரு சும்மா கேட்டாரு, இது என்ன வெலை வரும்னு. வாய் சும்மா இருந்துச்சா? "ரீல் மட்டும் பதினோராயிரம்ணே"ன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமைங்கிய.

அந்த ஆளு எடுத்தாருன்னு நான் சொல்லலை. யாரு எடுத்தான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அந்த டிக்கியைத் தெறந்தது நாந்தான, அதைச் சொல்லுதேன்.

கரைக்குப் போனா காத்து எதுத்து அடிக்கி, பத்தடி ராடு வேலைக்காவாதுன்னு சின்ன ராடை மட்டும் எடுத்துக்கிட்டு பெருச புது ரீலோட பின் சீட்டுலயே படுக்கப் போட்டுட்டுப் போனேன். மூணு மணி நேரம் நின்னதுக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாரை மீன். திரும்பி வந்தா டிரைவர் பக்கம் பின் கண்ணாடி இல்ல. சைடு கண்ணாடி உடையறப்ப எப்படி உடையும்னு பாத்திருக்கியளா, சில்லு சில்லா கீறிக்கிட்டு உடையாது, கல்கண்டு மாதிரி சின்னச் சின்ன கட்டியா சீட்டு பூரா கொட்டிக் கெடக்கும். ராடு, ரீலு, லூர் டப்பா, உக்காருற மடக்கு ஸ்டூலு வரைக்கும் போச்சு. இறால் டப்பாவை மட்டும் மூடி கூட அசங்காம விட்டுட்டுப் போயிருந்தான். அந்த நாத்தம் அவனுக்கே பிடிக்கலை போல.

அங்க ஓலைப் பந்தலுக்குக் கீழ ஒரு பெரியவர் வலை பொத்திக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டு எந்திச்சி வந்தாரு. "என்னத்த தம்பி உள்ள வச்சிருந்திய?"ன்னாரு. தூண்டில்னேன். எவ்வளவுக்குன்னாரு. எல்லாம் சேத்து பதினாறாயிரம் பக்கம் வரும்னதும் ஒரு கோட்டிக்காரனைப் பாக்க மாதிரி பாத்தாரு. அந்நேரம் பாத்து ஒரு வள்ளம் கரையேறிச்சு, ரெண்டு பயலுவ எஞ்சினைக் கழட்டி ஒரு கம்புல கட்டித் தொங்கவிட்டு ஆளுக்கொரு தோள்ல தூக்கிக்கிட்டு மணல்ல பைய பைய ஷெட்டைப் பாத்துப் போறானுவ. பெரியவர் அதைக் கைகாட்டுனாரு. "வள்ளம் இங்கனதான் கெடக்கும், வலையும் கெடக்கும். எஞ்சினை விட்டுட்டுப் போவமா? நாங்க பொறந்து வளந்த கரை தம்பி இது. நீங்க வெளியூர்ல இருந்து வந்து கண்ணாடிப் பொட்டிக்குள்ள பண்டத்தை வச்சி காமிச்சிட்டுப் போறிய"ன்னாரு. அதுக்கப்புறம் என் கூட ஸ்டேஷனுக்கும் வந்தாரு, அவரு பொழப்பை விட்டுட்டு. "அந்தப் பக்கத்து ஆளு"ன்னா எனக்கு அவரு மொகம்தான் ஞாபகம் வருது.

ஸ்டேஷன்ல நல்லாத்தான் பேசுனாவ. என்ன, தூண்டிலுக்குப் பதினாறாயிரமான்னு சிரிப்பை அடக்க முடியலை அவங்களுக்கு, அதைக் குத்தம் சொல்ல முடியாது, எங்க வீட்டுலயே அப்படித்தான். பில் இருக்கான்னாவ. இல்ல. எங்கிட்ட இருந்தது ஆன்லைன் ஆர்டரு ஒண்ணு, அதுவும் லூர் வாங்கினது, 640 ரூவா. புகார் வாங்கிக்கிட்டதுக்கு சி.எஸ்.ஆர்.ங்கற ரசீது போட்டுக் குடுத்தாவ. இதுல ஒரு விசயம் நெறைய பேருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1-ல இருந்து பழைய ஐ.பி.சி.க்கு, அதான் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு, பதிலா பாரதிய நியாய சன்ஹிதான்னு புதுச் சட்டம் வந்துட்டுல்லா, அதுல களவு 303-வது பிரிவு. பொருளோட மதிப்பு 5,000 ரூவாய்க்குக் கொறைவுன்னா அது போலீசு தானா எடுத்து விசாரிக்கக்கூடிய குத்தம் கெடையாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேணும். ஆக "ஒரு தூண்டில் காணோம்"னு வெறுங்கையோட போய் நின்னா நம்ம கேஸு எங்க நிக்கும்னு பாத்துக்கிடுங்க. பில்லு, ராடு ரீலு போட்டோ, நம்பர் இருந்தா நம்பரு, எல்லாத்தையும் போன்ல ஒரு ஃபோல்டர்ல போட்டு வையுங்க. ராடை வாங்கின அன்னிக்கு ஸ்டேட்டஸ் வைக்க முப்பது போட்டோ எடுக்கோம், நம்பர் இருக்கற அடிப்பக்கத்தை ஒண்ணு எடுக்க மாட்டோம்.

இன்சூரன்சும் அதே கததான். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குன்னு தெம்பா போன் போட்டேன். கண்ணாடி கெடைக்கும், உள்ள இருந்த பொருளுக்கு தனியா காசு கட்டி ஆட்-ஆன் எடுத்திருக்கணும்னுட்டாவ. கண்ணாடிக்கு கிளைம் பண்ணுனா அடுத்த வருசம் நோ கிளைம் போனஸு, அதான் கிளைம் பண்ணாததுக்குக் குடுக்கற தள்ளுபடி, போயிரும். கைக்காசுதான்.

எங்க அத்தை ஒருத்திதான் உருப்படியா யோசனை சொன்னா, செவ்வாக்கெழமை உவரி அந்தோணியார் கோயில்ல மெழுகுதிரி ஏத்து, காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கறதுல அவரை மிஞ்ச ஆளில்லன்னு. ஏத்தினேன். அவருக்குப் பேரே கோடி அற்புதர், என் ரீலுக்கு இன்னும் மொறை வரலை போல.

சரி, இப்ப நான் என்ன பண்ணுதேன்னா, முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான், போற எடத்துல டிக்கியைத் தெறக்கறது கெடையாது. வீட்டுலயே ராடு, ரீலு, லீடர்ங்கற நுனி நரம்பு எல்லாம் கட்டி, அன்னிக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுத்துக்கிடுதேன். காத்து எப்படி அடிக்கும்னு மொத நாளே போன்ல பாத்துக்கலாமே, எதுக்கு நாலு ராடைச் சொமந்துட்டுப் போய் மூணைக் கார்ல காவல் வைக்கணும்? கைல கொள்ளற அளவுக்குத்தான் கொண்டுபோவணும். வழில எதையாவது டிக்கிக்கு மாத்தணும்னா ரெண்டு மூணு கிலோமீட்டர் முன்னாலயே ஆளில்லாத எடத்துல மாத்திட்டு வந்து நிறுத்துங்க. நிறுத்தின எடத்துல மாத்துனா, பூட்டுறதுக்கு முந்தியே நாலு கண்ணு பாத்துரும். ஹேட்ச்பேக் கார்ல பின்னால ஒரு மூடிப்பலகை குடுத்திருப்பான், பார்சல் டிரேம்பாவ, பாதி பேரு அதைக் கழட்டி மச்சுல போட்டிருக்கிய. எறக்கி மாட்டுங்க. கருப்பு கூலிங் பேப்பர் ஒட்டிக்கிடலாம்னு நெனைக்காதிய, உச்ச நீதிமன்றம் 2012-லயே வேண்டாம்னுட்டு, ஃபைனு போடுவான். அதுலயும் கருப்புக் கண்ணாடின்னா உள்ள என்னமோ இருக்குன்னுதான் களவாங்குறவனும் நெனைப்பான். கார் பின்னால மீன் ஸ்டிக்கர், ரீல் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவங்களும் ராத்திரி உக்காந்து சொரண்டிருங்க. நான் ஹேர் டிரையர் வச்சி சொரண்டினேன், பசை மட்டும் இன்னும் போவலை.

அடுத்தது சாவி. தண்ணிக்குள்ள எறங்கப் போறோம், ரிமோட் சாவி நனைஞ்சிரும்னு முன் டயர் மேல வச்சிட்டுப் போற பழக்கம் நம்மாளுவ பாதிப் பேருட்ட இருக்கு. பெட்ரோல் மூடிக்குள்ள வைக்கறவனும் உண்டு. நீங்க கண்டுபிடிச்ச எடத்தை அவன் என்னிக்கோ கண்டுபிடிச்சிட்டான். எங்க செட்டுல ஒருத்தன் சுத்தமல்லி அணைக்கட்டுப் பக்கம் அப்படி வச்சிட்டுப் போயி, கண்ணாடி உடையாம, ஒரு கீறல் கூட இல்லாம மொத்தப் பையும் போச்சு. காரையே எடுத்துட்டுப் போவாம விட்டானேன்னு சந்தோசப்பட்டுக்கிட்டான். கழுத்துல தொங்கவிடுற வாட்டர்ப்ரூஃப் பவுச்சு விக்கி, இருநூறு ரூவா கூட வராது, அதுல போட்டுக் கழுத்துல மாட்டுங்க. பைக்குல போறவங்களுக்கு ரொம்பச் சொல்ல ஒண்ணுமில்ல, ராடை சைடுல கயிறு போட்டுக் கட்டிட்டு டீக்கடைக்குள்ள போவாதிய, முதுகுல மாட்டுற பை ஒண்ணு வாங்கிக்கிடுங்க.

குளத்துக்கு விரால் புடிக்கப் போறவங்களுக்கு ஒண்ணு. நம்ம பக்கம் குளம் எல்லாம் மீன்பாசி குத்தகைக்கு, அதான் மீன் புடிக்கற உரிமையை ஏலத்துக்கு, விட்டுருப்பாவ. யாரு குத்தகைன்னு கேக்காம கரையோரம் பதுங்கிப் பதுங்கி தவளை லூர் போடுறவனோட காருக்கு எவன் காவல் இருப்பான்? நான் இப்ப மொதல்ல காவலுக்கு இருக்கற அண்ணாச்சியைத் தேடிப் போவேன். ஒரு தூண்டில்தான், கேக்கறதைக் குடுத்துருதேன்னு சொல்லிட்டா சில பேரு சரிம்பாவ, சில பேரு "போ லே"ம்பாவ, "போ லே"ன்னா வந்துர வேண்டியதுதான். சரின்னவரு குடிசை வாசல்லயே காரைப் போடுன்னுருவாரு. அதுக்கு மேல என்ன பூட்டு வேணும்? ஊர்க்காரங்கிட்ட பேசாம வந்து மீன் புடிச்சிட்டு, களவு போனதும் ஊர்க்காரனைச் சொல்லுதோம் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.

வீட்டு வாசல்ல நிக்கற கார்ல இருந்தும் நெறைய போவுது, அலுப்புல எறக்காம விட்டுருவோம். எறக்கி வையுங்க, நம்மூரு வெயிலுக்கு ரப்பர் லூர் எல்லாம் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும், அதுவும் நஷ்டம்தான்.

இவ்வளவும் பூட்டு சாவி சமாச்சாரம். நான் உண்மையிலேயே சொல்ல வந்தது வேற. என் ரீலை எடுத்தவன் அதை வச்சி என்ன பண்ணுவான்? வெங்கல அண்டான்னா எந்தப் பழைய இரும்புக் கடையிலயும் எடை போட்டு வாங்குவான். ரீலை எவன் வாங்குவான்? நம்மள மாதிரி தூண்டில் கிறுக்கன்தான் வாங்குவான். பதினோராயிரம் ரீலு மூவாயிரத்துக்கு வருதுன்னா குரூப்புல "டன் ப்ரோ"ன்னு மொதல்ல கைதூக்குறது யாரு? பாக்ஸ் இல்ல, பில் இல்ல, பழைய லைன் பாதி அறுந்து கெடக்கு, விக்கறவன் எந்த மீன் புடிச்சான்னு கேட்டா முழிக்கான். அப்பவும் வாங்குதோம். அதே சன்ஹிதால 317-வது பிரிவு, களவுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குறவனுக்கும் மூணு வருசம் வரைக்கும் செயிலு. நம்ம குரூப் அட்மின்மாருங்களுக்குச் சொல்லுதேன், பில்லோ பழைய போட்டோவோ இல்லாம செகண்ட் ஹேண்ட் போஸ்ட் போட விடாதிய. விலை போவாதுன்னா எதுக்கு அவன் கண்ணாடியை உடைக்கப் போறான், அந்த மடக்கு ஸ்டூலுக்கா?

ஊருக்கு உபதேசம் பண்ணுதான்னு நெனைக்காதிய. நானும் வாங்கினவன்தான். என்னுது களவு போறதுக்கு ஒரு வருசம் முந்தி, வண்ணார்பேட்டைல வச்சி ஒரு பையங்கிட்ட இருந்து 3000 சைஸ் ரீலு ஒண்ணு ரெண்டாயிரத்துக்கு வாங்கினேன். அவசரத்துக்கு விக்கேன்னான், நானும் அதுக்கு மேல கேக்கலை, கேட்டா விலை ஏறிருமோன்னு பயம் வேற. என் ரீலு போனதுக்கப்புறம், மிச்சம் இருக்கறதுக்காவது அடையாளம் வைப்போம்னு ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்து ஒவ்வொண்ணா ராடுல இருந்து கழட்டினேன். ராடோட ஒட்டி உக்காருமே அந்தப் பாதம், அதுக்கு அடியில பேரு கீறிட்டா மாட்டின பொறவு வெளிய தெரியாது, நல்ல எடம். அந்த 3000 ரீலைக் கழட்டித் திருப்பினா அதே எடத்துல ஏற்கெனவே ஊசியால ரெண்டு எழுத்து கீறிக் கெடக்கு. சின்னதா, கோணலா, யாரோ பொறுமையா உக்காந்து கீறியிருக்காவ.

அன்னிக்கே ரெண்டு குரூப்புல கேட்டேன், ஒருத்தரும் வரலை. அதை வச்சி அதுக்கப்புறம் நான் ஒரு தடவ கூட எறியலை, மேஜை டிராயர்லதான் கெடக்கு. ஆகையினால இதைப் படிக்கறவங்கள்ல யாருக்காவது மூணு நாலு வருசம் முந்தி, திருநெல்வேலி சுத்துப்பட்டுல 3000 ரீலு காணாமப் போயிருந்தா, அடியில கீறின ரெண்டு எழுத்து என்னன்னு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, கொரியர் செலவு என்னுது. என்னுது 4000 சைஸு, கருப்பு, கைப்பிடி குமிழ்ல எம் மவ செவப்பு நெயில் பாலிஷ் வச்சி ஒரு பொட்டு வச்சிருந்தா. எங்கயாவது கண்ணுல பட்டா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.