ஒரு ‘ந்’ எவ்வளவு?

(கொடைக்கானல், ஏழு ரோடு பக்கம். நவம்பர் மழைக்கு மறுநாள். தகரப் பலகையும் பெயின்ட் டப்பாவுமாக பாண்டி. துண்டுச்சீட்டோடு காட்டேஜ்காரர் கண்ணுச்சாமி.)

கண்ணுச்சாமி: எழுதிக்க தம்பி. ‘மழை வடிந்தது. ரோட்டில் வெள்ளம் வற்றியது. வாடகையைக் குறைந்துள்ளோம்.’

பாண்டி: மூணு வரி, மூணும் தப்புண்ணே.

கண்ணுச்சாமி: தமிழ்தானப்பா?

பாண்டி: தமிழ்தான். இடம் மாறி உக்காந்திருக்கு. மழை வடியாது, விடும், இல்லேன்னா ஓயும். ‘விட்டது’ன்னா டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்ப வந்துரும். ‘ஓய்ந்தது’ன்னாத்தான் ஆளு நம்பி மலையேறுவான்.

கண்ணுச்சாமி: அப்ப ஓய்ந்ததுன்னே போடு.

பாண்டி: (மேகத்தைப் பார்த்து) ‘விட்டது’ன்னு போடுறேன்.

கண்ணுச்சாமி: வெள்ளம் வற்றாதாக்கும்?

பாண்டி: நின்ன எடத்துலயே சுண்டுனா வற்றுறது. ஓடி எறங்குனா வடியுறது. நம்ம ஏரி ரொம்புனா மிச்சத் தண்ணி எங்க போகுது?

கண்ணுச்சாமி: வெள்ளி அருவியில விழுது.

பாண்டி: அதான் வடியுறது. வடிய வழி வேணும், வற்ற வெயில் வேணும். நவம்பர்ல வெயிலுக்கு எங்கண்ணே போவீங்க?

கண்ணுச்சாமி: வீட்ல குழம்பு வத்துதே, அங்க வெயிலா அடிக்குது?

பாண்டி: அடியில அடுப்பு எரியுதுல்ல. மதினி சோறு வடிச்சா கஞ்சி வேற பாத்திரத்துக்குப் போகும். குழம்பு வத்துனா சட்டிக்குள்ளயே சுண்டும்.

கண்ணுச்சாமி: பார்க்காம விட்டா அடிப்பிடிக்கும்.

பாண்டி: அனுபவம் பேசுது.

கண்ணுச்சாமி: வாடகையில என்ன குத்தம்?

பாண்டி: ‘குறைந்துள்ளோம்’னா உங்க வீட்ல ஆளு கொறைஞ்சுபோச்சுன்னு துக்கம் கேக்க வந்துருவாங்க. இந்த மாதிரி ஜோடிச் சொல்லுல ‘ந்’ வந்தா தானா நடந்தது, ‘த்’ வந்தா ஒருத்தர் செஞ்சது. கஞ்சி வடிந்தது, மதினி வடித்தாங்க. செருப்பு தேய்ந்தது, முதுகைத் தேய்த்தோம். காய்ச்சல் தணிந்தது, மாத்திரை தணித்தது. வாடகை குறைந்தது, நீங்க குறைத்தீங்க.

கண்ணுச்சாமி: வற்றுறதுக்கு?

பாண்டி: அது இந்தக் கணக்குல அடங்காது. தானா நடந்தா ‘வற்றியது’, ஆளு செஞ்சா ‘வற்ற வைத்தார்’.

கண்ணுச்சாமி: ‘வாடகை சரிந்தது’ன்னு போட்டா எடுப்பா இருக்குமே?

பாண்டி: காட் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கையில அந்த வார்த்தையைப் பார்த்தா எவன் வண்டியெடுப்பான்? பூண்டு விலை கிலோவுக்குப் பத்து ரூபா கொறைஞ்சா ‘இறங்குச்சு’. ஒரே நாள்ல பாதியானாத்தான் ‘சரிஞ்சுச்சு’.

கண்ணுச்சாமி: சரி, எழுத்துக்கு எவ்வளவு?

பாண்டி: இருபது.

கண்ணுச்சாமி: புள்ளி வச்ச எழுத்து அரை மாத்திரைதானே? அதுக்குப் பத்து போட்டுக்க.

பாண்டி: வாய்க்குத்தாண்ணே அரை மாத்திரை. பெயின்ட்டு முழுசாக் குடிக்கும், மேல வைக்கிற புள்ளிக்கு ஒரு சொட்டு வேற.

கண்ணுச்சாமி: கொஞ்சங்கூடக் குறையாதா?

பாண்டி: தானா குறையாதுண்ணே.

கண்ணுச்சாமி: அப்ப நீ குறைக்கிறது?

பாண்டி: (பிரஷ்ஷை நனைத்தபடி) நீங்க வாடகையைக் குறைச்சது நெசமா, போர்டுல மட்டுமா?

கண்ணுச்சாமி: ...இருபதே இருக்கட்டும். எழுது.