கூலியோடு நின்றுவிடும் சங்கம் ஆலையை இழக்கும்

தொழிற்சங்கங்களின் அரசியல் செல்வாக்கு திரும்பி வருகிறது என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் 2023 செப்டம்பர் 26 அன்று எடுத்த படத்தைப் போடுகிறார்கள். மிச்சிகனில் கார்த் தொழிலாளர்களின் மறியல் வரிசையில் பைடன் நிற்கிறார். பதவியில் இருக்கும் அமெரிக்க அதிபர் ஒருவர் அப்படிப் போய் நின்றது அதுவே முதல் முறை, மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஐந்து வாரத்துக்குள் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ஸ்டெல்லாண்டிஸ் என்ற மூன்று கார் நிறுவனங்களோடும் முடிந்த உடன்பாட்டில் அந்தப் படத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பலரும் 25% கூலி உயர்வோடு படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இல்லினாய் மாநிலத்தின் பெல்விடியர் ஆலையை ஸ்டெல்லாண்டிஸ் 2023 பிப்ரவரியில் நிறுத்தி வைத்திருந்தது. அதைத் திறந்து புதிய வண்டி தயாரிப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தது அமெரிக்கக் கார்த் தொழிலாளர்களின் யுஏடபிள்யூ சங்கம். வாக்குறுதி தந்த முதலீட்டை நிறுவனம் செய்யாவிட்டால், ஒப்பந்தம் அமலில் இருக்கும்போதே வேலைநிறுத்தம் செய்யும் உரிமையையும் வாங்கியது. சாதாரணமாக ஒப்பந்தக் காலம் முழுக்க வேலைநிறுத்தத்துக்குத் தடை உண்டு. அதனால்தான் முதலீட்டு வாக்குறுதிகளை நிர்வாகங்கள் தாராளமாகத் தருகின்றன; மீறினால் சங்கத்தால் புகார் மனு கொடுப்பதைத் தாண்டி எதுவும் செய்ய முடியாது.

பிறகு நடந்ததுதான் பாடம். 2024இல் நிறுவனம் திட்டத்தைத் தள்ளிப்போட்டது. சங்கம் வேலைநிறுத்தம் என்றதும் நிறுவனம் நீதிமன்றம் போனது. அதன் வாதம்: முதலீடு சந்தை நிலவரத்தைப் பொறுத்தது என்று ஒப்பந்தக் கடிதத்திலேயே இருக்கிறதே. இருந்தது, உண்மைதான். 2025 ஜனவரியில், 2027இல் பெல்விடியரில் நடுத்தர பிக்கப் வண்டி வரும் என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அந்த வண்டி ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ ஆலைக்குப் போய், பெல்விடியருக்கு வேறு இரண்டு ஜீப் மாடல்கள் வந்தன. ஆலை பிழைத்தது, ஆனால் எழுதிய வண்டி வேறு, வரப்போகிற வண்டி வேறு.

ஆகவே ஒப்பந்தத்தில் முதலீடு பற்றிய பிரிவை எழுதுகிறவர்கள் 'முயற்சி செய்வோம்', 'பரிசீலிப்போம்' போன்ற சொற்களைக் கண்டாலே பேனாவை மூடிவிட வேண்டும். எந்தப் பொருள், எந்த ஆலை, உற்பத்தி தொடங்கும் மாதம், ஒரு ஷிப்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பது எல்லாம் எண்ணாகவும் தேதியாகவும் இருக்க வேண்டும். இதைவிட முக்கியமானது இடைக்காலத் தேதிகள். வண்டி வருவதற்கு வெகு முன்பே அச்சுகளுக்கும் பிரஸ் இயந்திரங்களுக்கும் ஆர்டர் போயாக வேண்டும். அந்த ஆர்டர் எந்த மாதம் போகும், அதன் நகலைச் சங்கம் எப்போது பார்க்கலாம் என்று எழுதிவிட்டால், ஏமாற்று நடப்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். சந்தை நிலவரம் என்ற விலக்கைத் தவிர்க்கவே முடியாவிட்டால், எத்தனை சதவீத விற்பனைச் சரிவு, எத்தனை காலாண்டு தொடர்ந்து, யார் கணக்குப்படி என்று அதற்கும் அளவு வைக்க வேண்டும். இன்னொரு பழைய தந்திரம்: ஒப்பந்தம் முடியும் தேதிக்குப் பிறகு உற்பத்தித் தேதியை வைப்பது. ஒப்பந்தத்தோடு வாக்குறுதியும் காலாவதியாகிவிடும்.

முதலீட்டுக்கான நிபந்தனையைச் சட்டத்தில் எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அமெரிக்கா 2022இல் எழுதிப் பார்த்தது. பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் சூரிய மின்சாரம், காற்றாலை போன்ற திட்டங்களுக்கு அடிப்படை வரிச்சலுகை போட்ட முதலீட்டில் 6%. தொழிலாளர் துறை நிர்ணயித்த வட்டார ஊதியத்தைக் கொடுத்து, வேலை நேரத்தில் 15%வரை அப்ரண்டிஸ்களுக்கு ஒதுக்கினால் அது 30% ஆகும், அதாவது ஐந்து மடங்கு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, சங்கம் போராடாமலே முதலாளி தானாக ஊதியப் பட்டியலைத் தேடி வருவார். ஆனால் நிபந்தனை கட்டுமானத் தொழிலாளிக்கும் பழுது பார்ப்பவருக்கும்தான். உள்ளே உட்கார்ந்து பேட்டரி செல் செய்கிறவருக்கு இல்லை. உற்பத்திக்கான வரிச்சலுகையில் ஊதிய நிபந்தனையே வைக்கவில்லை. அந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது சட்டமில்லை, 2023 வேலைநிறுத்தம்: ஜெனரல் மோட்டார்ஸ் வேறு நிறுவனத்தோடு கூட்டாக நடத்தும் பேட்டரி ஆலைகள் அப்போதுதான் சங்கத்தின் பொது ஒப்பந்தத்துக்குள் வந்தன. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டம் காற்று, சூரியச் சலுகைகளுக்கு முடிவு தேதி குறித்துவிட்டது. மானியம் போகும்போது அதோடு கட்டிய நிபந்தனையும் கூடவே போகிறது.

ஜெர்மனி வேறு வழி. 1976 சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு. 20,000 பேரைத் தாண்டினால் 20 இடம். அதில் தொழிலாளர்களுக்கு 10, அந்தப் பத்திலும் 3 சங்கத்தின் பிரதிநிதிகள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது பாதிக்குக் கொஞ்சம் குறைந்த பாதி. ஓட்டு சமமாக நின்றால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. தலைவரோ பங்குதாரர் பக்கத்து ஆள். ஃபோக்ஸ்வாகன் ஒரு விதிவிலக்கு. அதற்கென்றே உள்ள 1960 சட்டம், ஆலை அமைக்கவும் இடம் மாற்றவும் மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 14 ஓட்டு கேட்கிறது. கீழ் சாக்சனி மாநில அரசுக்கும் அங்கே இரண்டு இடம் இருப்பதால் அரசியலும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டப் பிரிவில் 'மூடுவது' என்ற சொல் மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் நிர்வாகம் 1994 முதல் இருந்த வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை ரத்து செய்து, ஜெர்மன் ஆலைகளை மூடவும் நேரலாம் என்றது. டிசம்பர் 20 அன்று வந்த உடன்பாடு: உடனடி மூடல் இல்லை, வேலைப் பாதுகாப்பு 2030வரை, பதிலுக்கு அதே 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட பணியிடங்கள் குறையும், டிரெஸ்டனில் கார் உற்பத்தி நிற்கும். பத்து நாற்காலி இருந்தும் இதுதான் கிடைத்தது. நாற்காலி இல்லாத இடத்தில் என்ன கிடைத்திருக்கும் என்றும் யோசித்துப் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் ஜெர்மன் ஏற்பாட்டில் கடன் வாங்க வேண்டியது அந்த நாற்காலியை அல்ல. 100 பேருக்கு மேல் நிரந்தரமாக வேலை செய்யும் நிறுவனத்தில் அமைக்கும் பொருளாதாரக் குழு என்று ஒன்று உண்டு. முதலீட்டுத் திட்டம், நிதிநிலை, ஆலையை இடம் மாற்றும் யோசனை எல்லாவற்றையும் நிர்வாகம் உரிய காலத்தில் ஆவணத்தோடு அதன்முன் வைக்க வேண்டும். ஓட்டுரிமை கிடையாது, ஆனால் செய்தி முன்னாலேயே கிடைக்கும். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த ஒருவர் சங்கத்தில் இல்லையென்றால் இதுவும் வீண்தான்.

முதலீட்டையே சங்கம் கையில் எடுத்தால்? ஸ்வீடனில் 1976இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான எல்ஓவின் மாநாடு அதைத்தான் ஏற்றது. நிறுவன லாபத்தில் 20% ஆண்டுதோறும் புதிய பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்குப் போக வேண்டும் என்பது அதன் பொருளாதார நிபுணர் மைட்னரின் திட்டம். நீர்த்துப்போன வடிவத்தில் 1984இல் ஐந்து நிதிகள் வந்தன. 1991இல் ஆட்சி மாறியதும் கலைத்துவிட்டார்கள். காப்பாற்றத் தெருவில் பெரிதாக யாரும் இறங்கவில்லை. எந்தத் தொழிலாளி கையிலும் அவர் பெயர் போட்ட தாள் இல்லை என்பது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். கனடாவின் கியூபெக்கில் எஃப்டிகியூ சங்கம் 1983இல் தொடங்கிய ஒற்றுமை நிதி இன்றும் இருக்கிறது. அங்கே தொழிலாளி சம்பளத்தில் பிடித்து, நிதியில் தன் பெயரில் பங்கு வாங்குகிறார், வரிச்சலுகையும் பெறுகிறார்.

எல்லாவற்றுக்கும் மறுபக்கம் உண்டு. முதலீட்டைச் சங்கம் ஆயுதமாக்கினால் எதிர்த்தரப்பும் அதையே எடுக்கும். 2024 ஏப்ரலில் டென்னசி மாநிலத்துச் சட்டனூகாவின் ஃபோக்ஸ்வாகன் ஆலையில் சங்க வாக்கெடுப்பு நடந்த வாரத்தில், தென் மாநில ஆளுநர்கள் ஆறு பேர், வேலைகளுக்கு ஆபத்து என்று கூட்டறிக்கை விட்டார்கள். தொழிலாளர்கள் 2,628க்கு 985 என்று சங்கத்துக்கே ஓட்டுப் போட்டார்கள். அடுத்த மாதம் அலபாமாவின் மெர்சிடிஸ் ஆலையில் சங்கம் தோற்றது. டென்னசி 2023இலும், ஜார்ஜியாவும் அலபாமாவும் 2024இலும் சட்டம் போட்டன: ரகசிய வாக்கெடுப்பு இல்லாமல், தொழிலாளர்கள் ஆதரவாகக் கையெழுத்திட்ட அட்டைகளை மட்டும் வைத்துச் சங்கத்தை விரும்பி அங்கீகரிக்கும் நிறுவனத்துக்கு மாநில முதலீட்டு மானியம் கிடையாது. மத்திய அரசு மானியத்தில் ஊதிய நிபந்தனையை வைத்தபோது கைதட்டியவர்கள், அதே மானியம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.